சிறுவர் பிரிவை வெட்டுமுன் இந்தக் கொப்பியைப் பாருங்கள்

விவசாயக் கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

போன வாரம் எங்கள் அதிபரின் மேசைக்கு வந்த உங்கள் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். வரும் கண்காட்சியில் சிறுவர், இளைஞர் பிரிவில் ஒரு பாடசாலைக்கு ஒரு காட்சிப்பொருள் மட்டும்தான் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். காரணம் ஒரே வரியில் இருக்கிறது: கடந்த முறை வந்தவற்றின் தரம் போதாதாம்.

கடந்த முறை நான் அங்கே இருந்தேன். காலை ஏழு மணிக்குப் பதினொரு பிள்ளைகளோடு வந்தேன். பின்னேரம் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அந்தத் தகரக் கொட்டகையை விட்டு நகரவில்லை. அங்கே கண்டதைச் சொல்லாமல் இந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. கண்காட்சியின் பெயரையும் ஊரையும் நான் எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பதினேழு வருடமாக விவசாயம் படிப்பிக்கிறேன். என் முறைப்பாடு முழுவதையும் ஒரு பிள்ளையின் கரட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

தரம் ஒன்பதில் படிக்கிற பிள்ளை. தாய் கொழுந்து பறிக்கிறார், தகப்பனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவர்களுக்கு இருக்கிற நிலம் லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) தண்ணீர் ஓடுகிற கானுக்கும் நடுவில் ஆறடி அகலத் துண்டு. அதில் அவள் முதல் தடவை கரட் போட்டபோது பிடுங்கியதெல்லாம் இரண்டு கால், மூன்று கால். ஒரு ஷொப்பிங் பையில் போட்டு, யாருக்கும் தெரியாமல் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நான் அதை வகுப்பு மேசையில் கொட்டி எல்லாரையும் பார்க்கச் சொன்னேன். கரட் பிளக்க மூன்று காரணம் சொல்லிக் கொடுத்திருந்தேன்: மண்ணில் கல், மக்காத மாட்டெரு, நாற்றைப் பிடுங்கி நடுவது. மூன்றையும் அவள் செய்திருந்தாள். கோவாவுக்கு (முட்டைக்கோசு) செய்கிற மாதிரி நாற்றுமேடையில் முளைக்கவைத்துப் பிடுங்கி நட்டிருந்தாள். நடும்போது ஆணிவேரின் நுனி முறிந்துவிட்டால் பிறகு அது நேராக இறங்காது.

இரண்டாவது தடவை தாத்தாவின் பழைய கம்பிவலைச் சட்டத்தில் அந்தத் துண்டு மண் முழுவதையும் ஒரு முழம் ஆழத்துக்குச் சலித்தாள். பாடசாலை விட்டு வந்து, தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, இருட்டும்வரை. பத்து நாள் ஆயிற்று. எடுத்த கல்லை அடுக்கிக் கானோரம் ஒரு வரம்பே கட்டிவிட்டாள். விதையைக் காய்ந்த மணலோடு கலந்து நேரே வரிசையில் தூவினாள். அன்றிலிருந்து ஒரு கொப்பியும் எழுதினாள். அந்தக் கொப்பி இப்போது என் முன்னால் இருக்கிறது.

"12ஆம் நாள். முளைச்சிருக்கு. எண்ணிப் பார்த்தேன், 140."

"மூணாம் கிழமை. ரெண்டு அங்குலத்துக்கு ஒண்ணு விட்டு ஐதாக்கினேன். பிடுங்கினதை அம்மா சுண்டல் செஞ்சாங்க."

"40ஆம் நாள். மூணு நாளா விடாத மழை. மண் கரைஞ்சு கரட் தலை வெளிய தெரியுது. வெயில் பட்டா பச்சையாகும்னு டீச்சர் சொன்னாங்க. மண் அணைச்சேன்."

அதற்குப் பக்கத்தில் தலை பச்சையான ஒரு கரட்டின் படம். செம்மஞ்சள் பென்சில் இல்லாமல், சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றன்மேல் ஒன்று தீட்டியிருக்கிறாள்.

கண்காட்சிக்கு முதல் நாள் நாற்பதுக்கு மேல் பிடுங்கி, அதில் ஆறைத் தேர்ந்தெடுத்தாள். ஒரே நீளம், ஒரே பருமன், நுனி முறியாதவை. தேய்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன், அதனால் ஒரு பேசின் தண்ணீரில் விரலால் மண்ணைக் கழுவினாள். சல்லி வேர் அப்படியே இருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் கொப்பியையும் விரித்து வைத்தாள். மேசைப் பொறுப்பில் இருந்தவர் காட்சிப்பொருள் மட்டும்தான் மேசையில் இருக்கலாம் என்றார். கொப்பி மேசைக்குக் கீழே போனது.

பத்தரைக்கு நடுவர்கள் மூவர் வந்தார்கள். கொட்டகையில் முப்பத்து நான்கு தட்டு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. எந்தப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரும்பாலான தட்டுகளை அவர்கள் தொடவுமில்லை.

அவளுடைய அட்டையில் சிங்களத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள். பக்கத்து மேசைக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த சிங்கள ஆசிரியை வாசித்துச் சொன்னார்: விதிப்படி இல்லை. ஏன் என்று அவரே விண்ணப்பப் படிவத்தைப் புரட்டிப் பார்த்து விளக்கினார். கரட்டின் இலைத்தண்டை இரண்டு அங்குலம் விட்டு வெட்டியிருக்க வேண்டுமாம். இந்தப் பிள்ளை முழு இலையோடு வைத்திருந்தாள்.

அந்த விதி சரியான விதி. இலையை விட்டுவைத்தால் அது கிழங்கின் ஈரத்தை இழுத்துவிடும், பின்னேரத்துக்குள் கரட் சோர்ந்துபோகும். நான் நடுவராக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். ஆனால் அந்த விதி இரண்டாம் பக்கத்தில், சிங்களத்தில் மட்டும் இருந்தது. எங்களுக்கு வந்த தமிழ்ப் படிவம் ஒரே பக்கம். பெயர், பாடசாலை, பெற்றோர் கையொப்பம், அவ்வளவுதான். என் கைப்பையில் கத்தரிக்கோல் இருந்தது. காலையில் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை.

முதல் பரிசு பெற்ற கரட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல பெரிய கரட், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் மரக்கறியோடு பழகிய யாரும் அந்தப் பளபளப்பை அடையாளம் கண்டிருப்பார்கள். சந்தைக்கு ஏற்றுகிற கரட்டைச் சுழலும் உருளையில் போட்டுக் கழுவும்போது ஒன்றோடொன்று உரசி, மேல்தோல் வழுவழுப்பாகி, சல்லி வேர் எல்லாம் போய், நுனியும் முறிந்து வருமே, அந்தப் பளபளப்பு. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. தானே பயிரிட்டு, வீட்டார் மெஷினில் கழுவிக் கொடுத்திருக்கலாம். கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். கரட் ஏன் பிளக்கிறது, தலை ஏன் பச்சையாகிறது என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். உண்மையில் அவரே வளர்த்திருந்தால் அவருக்கும் அது பெருமையாக இருந்திருக்கும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் மாணவி கேட்டாள். "ஏன் டீச்சர், ஒருத்தருமே ஒண்ணும் கேக்கல?" பரிசு கிடைக்கவில்லை என்று அவள் அழவில்லை. கேட்டால் சொல்வதற்கென்று நாள், எண்ணிக்கை எல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தாள்.

அதே கொட்டகையில் எங்கள் தரம் ஏழுப் பையன் ஒருவனின் கோவாவும் இருந்தது. வெளி இலையில் ஓட்டை இருந்ததால் கடைசிக்குப் போனது. மலையில் கோவா போட்டவர்களுக்கு வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவைத் தெரியும். மருந்து அடிக்காமல் அதைச் சமாளிப்பது எவ்வளவு பாடு என்பதும் தெரியும். இந்தப் பையன் தினமும் காலையில் வகுப்புக்கு வருமுன் இலையைத் திருப்பித் திருப்பிப் புழுப் பொறுக்கினான், அடுப்புச் சாம்பல் தூவினான். உள்ளே கோவா கல்லு மாதிரி இறுகியிருந்தது. யாராவது கையால் அமுக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் திரும்பவும் விட்டார்களே, அந்த ஆறு மாதத்தில் எங்கள் பக்கத்து மரக்கறித் தோட்டங்கள் பட்ட பாட்டை நீங்களும் பார்த்தீர்கள். அந்த வருடம்தான் எங்கள் பாடசாலையில் கூட்டெருக் குழி வெட்டினோம். அதில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஓட்டையில்லாத வெளி இலைக்கு மட்டும் புள்ளி கொடுத்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மருந்துப் போத்தலை எடு என்று சொல்லிக்கொடுப்பதாகத்தான் ஆகும். ஓட்டைக்குப் புள்ளியைக் குறையுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எப்படி வளர்த்தாய் என்பதற்கும் புள்ளி இருக்க வேண்டும்.

அடுத்து, 'சிறந்த இளைஞர் வீட்டுத்தோட்டம்' போட்டி. இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கவும் நான் விரும்பவில்லை. குறைந்தது இருபது பேர்ச் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) காணி, அது பெற்றோரின் பெயரில் இருப்பதாகக் கிராம உத்தியோகத்தரின் சான்று. இந்த இரண்டும் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். மலைநாட்டில் இருந்துகொண்டு இப்படி ஒரு விதியை எழுதியவர் யார்? 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, காணி அரசின் பெயரில்தான் இருக்கிறது. புதிதாகக் கட்டிய பல வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு ஒதுக்கியதே ஏழு பேர்ச். மலையகத் தமிழர் இங்கே வந்து 200 வருடம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். லயத்தில் இருக்கிற குடும்பங்களின் கையில் இன்னும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. உங்கள் விதிப்படி, மலையை மலையாக வைத்திருக்கிற குடும்பங்களின் பிள்ளைகள் ஒருவர்கூடத் தோட்டக்காரர் ஆக முடியாது.

அந்தப் பிள்ளைகள் வளர்க்காமல் இல்லை. உரச்சாக்கில் லீக்ஸ் போடுகிறார்கள். பெயின்ட் வாளியில் கறிமிளகாய், கூரைத் தகரத்தின் ஓரத்தில் கட்டிய கயிற்றில் போஞ்சி. பால்மா டின்னில் ஜெரேனியம் இல்லாத லய வாசல் எங்கள் டிவிஷனில் குறைவு. அளவைக் காணியில் பார்க்காமல், இருக்கிற இடத்தை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கு நல்ல போட்டி கிடைக்கும்.

வயதுப் பிரிவும் இப்படித்தான். பத்து வயதுக் குழந்தையின் சாக்கு லீக்ஸும், பத்தொன்பது வயது இளைஞரின் பொலித்தீன் கூடாரக் கறிமிளகாயும் ஒரே மேசையில். கொட்டகை தகரம், பதினொரு மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியவில்லை. பெரியவர்களின் மண்டபத்தில் ஈரச் சாக்கு விரித்திருந்தீர்கள், எங்களுக்கு வெறும் பலகை. பரிசளிப்பு ஆறு மணிக்கு. எங்கள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. மலர்ப் பிரிவில் மூன்றாம் இடம் வந்த எங்கள் பிள்ளையின் பெயரை வாசித்தபோது அவள் வட்டகொடையைத் தாண்டியிருப்பாள். சான்றிதழ் இரண்டு மாதம் கழித்துத் தபாலில் வந்தது, பெயர் பிழையாக.

வேறு இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் 1902இல் தொடங்கிய ஃபோர்-எச் (4-H) என்ற சிறுவர், இளைஞர் கழகங்களின் கண்காட்சிகளில் பிள்ளைகளின் பொருட்களுக்கு டேனிஷ் முறை என்று ஒன்றைப் பல இடங்களில் கையாள்கிறார்கள். ஒரு பிள்ளையின் கரட்டை இன்னொரு பிள்ளையின் கரட்டோடு ஒப்பிடுவதில்லை. கரட் எப்படி இருக்க வேண்டும் என்று முதலே ஓர் அளவுகோல் எழுதி வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றையும் அதோடு மட்டும் வைத்துப் பார்ப்பார்கள். அளவை எட்டியதற்கு நீல நாடா, கொஞ்சம் குறைந்ததற்குச் சிவப்பு, இன்னும் திருத்த வேண்டியதற்கு வெள்ளை. பத்துப் பேர் நன்றாகச் செய்திருந்தால் பத்துப் பேருக்கும் நீலம். பல இடங்களில் நடுவர் பிள்ளையை எதிரில் உட்கார வைத்துப் பேசியே தீர்ப்புச் சொல்கிறார். எங்கே நல்லது, எங்கே பிழைத்தது, அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். பிரித்தானியாவின் அரச தோட்டக்கலைச் சங்கமும் எந்த மரக்கறிக்கு எந்த அம்சத்துக்காக எத்தனை புள்ளி என்று அச்சிட்டே வைத்திருக்கிறது. நுவரெலியாவின் ஏப்ரல் சீசன் மலர்க் கண்காட்சியே பிரித்தானியர் காலத்துப் பழக்கத்தில் வந்ததுதான். மலரை மேசையில் வைக்கிற பழக்கம் வந்துவிட்டது, புள்ளியை வெளிப்படையாக எழுதுகிற பழக்கம் நம் கொட்டகைக்கு வந்து சேரவில்லை.

இது வெளிநாட்டுக்குச் சரி, இங்கே நடக்குமா என்று கேட்பீர்கள். போன தவணை முடிவில் எங்கள் பாடசாலையிலேயே செய்து பார்த்தோம். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவரைக் கூப்பிட்டோம். இருபத்தாறு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம். காலை எட்டரைக்குத் தொடங்கி, நடுவில் தேநீருக்கு நிறுத்தி, பன்னிரண்டு மணிக்கு முடித்தோம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், தன் உருளைக்கிழங்குச் செடியின் இலை கறுத்தபோது பயந்து மூன்று செடியைப் பிடுங்கித் தூரக் கொண்டுபோய்ப் புதைத்த கதையை அவரிடம் விடாமல் சொன்னான். பனியும் ஈரமும் சேர்ந்தால் அந்த நோய் எப்படிப் பாயும் என்று அவர் அவனுக்கு விளக்கினார். அன்று அவனுக்குக் கிடைத்தது வெள்ளை நாடாதான். அதைக் கொப்பியின் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறான். இந்தத் தவணை தன் பாத்தியில் செடிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிவிட்டான்.

செலவு என்று பார்த்தால் மூன்று நிற ரிப்பன் வாங்கியதுதான்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

ஒரு பாடசாலைக்கு ஒரு காட்சிப்பொருள் என்ற முடிவைத் திரும்பப் பெறுங்கள். ஒன்றுதான் என்றால் ஆசிரியர்களாகிய நாங்கள் பாடசாலைத் தோட்டத்தில் ஆகச் சிறந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவோம். பிள்ளைகள் வீட்டில் விதை போடுவதை விட்டுவிடுவார்கள்.

விதிகளும் புள்ளித் திட்டமும் முழுமையாகத் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும், விதைக்கிற காலத்துக்கு முன்பே வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. நான் சட்டம் பேச வரவில்லை. இரண்டாம் பக்கத்தை மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், ஒரே இரவில் செய்து தருகிறேன்.

நடுவர்கள் ஒவ்வொரு பிள்ளையிடமும் பேச வேண்டும், அந்தப் பிள்ளையின் மொழியில். ஐந்து நிமிடம் முடியாவிட்டால் மூன்று. மொத்தப் புள்ளியில் பாதியாவது பிள்ளை சொல்வதற்கும் கொப்பிக்கும் இருக்கட்டும். சீதாஎலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பேராதனையில் விவசாய பீடம் இருக்கிறது. அங்கிருந்து தமிழ் தெரிந்த இளம் அலுவலர்களையும் மாணவர்களையும் ஒரு நாளைக்குக் கேட்டுப் பெறலாம். புள்ளித்தாளின் ஒரு பிரதி, ஒரு வரிக் குறிப்போடு, அன்றே பிள்ளையின் கைக்கு வர வேண்டும். இலையை வெட்டாத மாதிரிச் சின்னப் பிழைக்குத் தட்டை ஒதுக்காதீர்கள். இரண்டு புள்ளி குறைத்துக் காரணத்தை எழுதுங்கள்.

வீட்டுத்தோட்டப் போட்டியில் இருபது பேர்ச், காணிச் சான்று இரண்டையும் எடுத்துவிடுங்கள். சாக்கு, வாளி, டின்னில் வளர்ப்பதற்குத் தனிப் பிரிவு ஒன்று திறவுங்கள். 12 வயதுவரை, 13 முதல் 15, 16 முதல் 19 என்று மூன்றாகப் பிரியுங்கள்.

பரிசளிப்பு மூன்று மணிக்கு முன்னால். பரிசாகப் பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம். விதைப் பைக்கட் கொடுங்கள், கைக்கு அடக்கமான ஒரு மம்பட்டி கொடுங்கள், பூவாளி கொடுங்கள். மேசைக்கு மேல் ஏதாவது நிழலும், கீழே ஈரச் சாக்கும்.

போன முறை தள்ளப்பட்ட அந்தக் கரட் தட்டுக்கு இப்போது பரிசு தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழ்ப் படிவத்தில் விதி விடுபட்டது உங்கள் பக்கத்துப் பிழை என்று அதில் இருக்க வேண்டும். பாடசாலை முகவரியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், கொப்பியின் புகைப்படப் பிரதியும் அதோடு வருகிறது. அன்று கொட்டகைக்கு வந்திருந்த சிங்கள ஆசிரியைகள் இருவர் எங்கள் கோரிக்கையோடு கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அதே தகரக் கொட்டகையில் அவர்களுடைய பிள்ளைகளிடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் சுற்றறிக்கையில் போட்டிருக்கிற தேதிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கரட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். மண்ணைச் சலித்துவிட்டார்கள், விதையும் வாங்கி வைத்திருக்கிறோம். எத்தனை பேர் விதைக்கலாம் என்று நான் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். இந்த மாதம் 20ஆம் திகதிக்கு முன் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை விவசாய ஆசிரியை ஒருவர்
தலவாக்கலை